தள்ளினால் மேலே, இழுத்தால் கீழே

என் தங்கையின் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புக் குழாய்களை மலைபோல அடுக்கி வைத்திருக்கும் யார்டில் வேலை. நான் அதே கிரேனுக்குக் கீழே நின்று குழாய்க் கட்டுக்குச் சங்கிலி போட்டுக் கொக்கி மாட்டுகிறவன். யார்டில் அவருக்கு மேல்மாடி என்று பெயர், எனக்குக் கீழ்வீடு என்று பெயர். வைத்தவன் யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அவனையும் ஒரு கட்டோடு சேர்த்துக் கட்டித் தூக்கியிருப்போம். இப்போது பழகிவிட்டது. சூப்பர்வைசரே, "மேல்மாடி வந்தாச்சா, இல்ல இன்னும் காலியா?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொள்வார்.

மாப்பிள்ளை சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். எதையும் மெதுவாகச் செய்கிற ஆள். டம்ளரை மேஜையில் வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. நாற்காலியை நகர்த்துவதற்கு முன்னால் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். "இவர் கதவைச் சாத்தி முடிக்கிறதுக்குள்ள பூனை உள்ள வந்து பாலைக் குடிச்சிட்டு வெளிய போயிடும்ண்ணே" என்று தங்கை என்னிடம் புகார் சொல்வாள். கல்யாணமான புதிதில் சொன்ன அதே புகார். பூனைதான் மாறியிருக்கிறது.

அது அவருடைய சுபாவம் இல்லை, வேலை. உயரத்தில் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, தலையில் விழுந்தால் ஆளை அப்பளமாக்கிவிடும் கனத்தை இரண்டு லீவரால் நகர்த்துகிறவர் அவர். இடது கை லீவர் கிரேனின் கையைத் திருப்பும். வலது கை லீவர் கொக்கியை ஏற்றி இறக்கும். தன் பக்கம் இழுத்தால் கொக்கி மேலே போகும், முன்னால் தள்ளினால் கீழே வரும். கிணற்றுக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்தால் வாளி மேலே வருகிறது இல்லையா, அந்த மாதிரி.

தினமும் காலையில் முதல் வேலையாக அவர் காலிக் கொக்கியைக் கொஞ்சம் மேலே ஏற்றுவார், கொஞ்சம் கீழே இறக்குவார், ஹாரன் ஒரு தரம் அடிப்பார். பிரேக் பிடிக்கிறதா, லீவர் சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது. கீழே நான் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொக்கி மேலே போய்க் கீழே வந்த பிறகுதான் சங்கிலியைத் தொடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இது தப்பியதில்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும் தப்பியதில்லை, தங்கையோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளிலும் தப்பியதில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் தலையில் கம்பெனி கல்லைப் போட்டது. கேபினை மூடப் போகிறார்களாம். தரையில் ஒரு அறை கட்டி, ஏசி போட்டு, சுவரில் பெரிய திரை வைத்து, கட்டைவிரல் உயரக் குச்சிகள் இரண்டை ஒரு பலகையில் நட்டு, அங்கே உட்கார்ந்துதான் இனிமேல் கிரேன் ஓட்ட வேண்டுமாம். அதற்கு ஒரு பரீட்சை. தேறுகிறவருக்கு அந்த அறையில் நாற்காலி. தேறாதவருக்கு வாசல் கேட்டில் வாட்ச்மேன் ஸ்டூல்.

கேட்டில் உட்கார்வது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் இவருக்கு அது ஆகாது. கேட்டில் இருக்கிறவனுக்கு வாய் வேண்டும். லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டும், இவனை விடு அவனை நிறுத்து என்று கத்த வேண்டும். இவர் வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேனிடமே வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஒரே மாதிரி மூன்று மிக்ஸி வாங்கி வைத்திருக்கிறார். கை மட்டும்தான் அவருக்குப் பேசும். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார் என்றால் அந்த மனிதர் என்ன ஆவார்?

அவருடைய மகள்தான் யோசனை சொன்னாள். எனக்கு மருமகள் முறை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்க ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து ஆட்களைச் சுடுவாள். ஒரு பெரிய ஊர், அதில் நம் ஆள் ஒரு ரவுடி. கார் திருடலாம், கடையில் புகலாம், போலீஸை அலையவிடலாம். அந்த மாதிரி விளையாட்டு.

"அப்பா, அந்த அறையில இருக்கிற குச்சி இதே மாதிரிதான் இருக்கும். இதுல கை பழகிட்டா அது ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி, கையில் வைத்திருந்த ரிமோட்டை அவரிடம் கொடுத்தாள்.

ரிமோட் என்று நான் சொல்கிறேன். அவள் வேறு பெயர் சொல்வாள். நண்டுபோல இருக்கும். இரண்டு குச்சி, முன்னால் பின்னால் மேலே கீழே எல்லாப் பக்கமும் பட்டன். விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு செய்தமாதிரி இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே இருந்தேன். அதனால் இதில் நான் சொல்கிறது எதுவும் கேள்விப்பட்டது இல்லை, கண்ணால் பார்த்தது.

மாப்பிள்ளையின் ரவுடி நடைபாதையில் நின்றான். குச்சியைத் தொட்டதும் நடந்தான். திரும்பச் சொன்னால் ஆள் நின்ற இடத்தில் திரும்ப மாட்டேன் என்கிறான். லாரி யூ டர்ன் அடிக்கிற மாதிரி பெரிய வட்டம் போட்டுத்தான் திரும்புகிறான். வாசலுக்குள் போகச் சொன்னால் நிலையில் முட்டுகிறான், பின்னால் வருகிறான், மறுபடி முட்டுகிறான். ஊரையே ஆட்டி வைக்கிற ரவுடியாம். ஒரு கதவுக்குள் நுழையத் தெரியவில்லை.

"ஓடணும்னா இந்த பட்டனைத் தட்டிட்டே இருங்கப்பா" என்றாள் மகள்.

"தட்டிட்டேவா?"

"ஆமா, தட்டத் தட்டத்தான் ஓடுவான்."

மாப்பிள்ளை தட்டினார். மூட்டைப்பூச்சி நசுக்குகிற மாதிரி கட்டைவிரல் வலிக்கத் தட்டினார். "கால் அவனோடது, வலி என்னோடதா?" என்று கேட்டார்.

ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். "ஏற எந்த பட்டன்?" என்றார். மகள் காட்டினாள். அமுக்கினார். ரவுடி முன்பக்கக் கதவைத் திறந்து, டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் எறிந்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள்.

மாப்பிள்ளை ரிமோட்டை மடியில் வைத்துவிட்டார். "நான் ஏறத்தான் அமுக்குனேன்" என்றார்.

"ஏறிட்டீங்கல்ல" என்றாள் மகள்.

ஏறுவதற்கும் ஆளைத் தூக்கி எறிவதற்கும் ஒரே பட்டன் வைத்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அவன் வீட்டில் விளக்குப் போடுகிற ஸ்விட்சை அமுக்கினால் கூரை கழன்று விழும்போல. பேசுகிற பட்டனும் அதே கதைதான். கையில் ஒன்றும் இல்லாதபோது அமுக்கினால் எதிரில் வருகிறவருக்கு வணக்கம் சொல்வான். கையில் துப்பாக்கி இருக்கும்போது அமுக்கினால் அதே ஆளின் நெற்றிக்கு நேராக நீட்டுவான். மாப்பிள்ளை ஒரு பழக்கடைக்காரருக்கு மரியாதையாக வணக்கம் வைக்கப் போய், கடைக்காரர் ஓடி, போலீஸ் வந்து, ரவுடி செத்தான். வணக்கம் வைத்ததற்குச் சாவு.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். கார் ஓட்டினதைப் பார்க்க வேண்டும் நீங்கள். மகள் ஒரு காரைத் திருடிக் கொடுத்து, "சீக்கிரம் எடுங்கப்பா, போலீஸ் பின்னாடி வருது" என்றாள். மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். ஹாரன் அடித்தார். பிறகு பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். நின்றார்கள். போலீஸ். சுட்டுவிட்டார்கள்.

மறுபடி திருடினாள். மறுபடி பிரேக், ஸ்டியரிங், ஹாரன். மறுபடி சாவு.

"அப்பா, திருட்டுக் காருக்கு யாராவது பிரேக் பார்ப்பாங்களா?"

"திருட்டுக் காருக்குத்தான்மா பார்க்கணும். யாரு எப்படி வெச்சிருந்தானோ."

ஒருவழியாகக் கிளம்பிப் போனால் சிவப்பு விளக்கில் நின்றார். திரும்புவதற்கு முன்னால் விளக்குப் போட வேண்டும் என்று பட்டனைத் தேடினார். அப்படி ஒரு பட்டனே அதில் இல்லை. சுடுவதற்கு ஒன்று, குறி வைப்பதற்கு ஒன்று, துப்பாக்கி மாற்றுவதற்கு ஒன்று, சுட்டுக்கொண்டே உருள்வதற்கு ஒன்று. திரும்புகிறேன் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, குச்சியையே பட்டன் மாதிரி உள்ளே அமுக்கினால் ஹாரன் அடிக்கும் என்று வைத்திருக்கிறார்கள். வளைவில் பயந்து இறுக்கிப் பிடித்தால் தானாக ஹாரன் அலறுகிறது. திருடனுக்கு எதற்கு இத்தனை ஹாரன்?

இந்த லட்சணத்தில் அந்த விளையாட்டுக்குக் கோடிக்கணக்கில் ஆட்கள் அடிமையாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளையை அதில் கட்டிப்போட்டது ஒரே ஒரு இடம்தான். அந்த விளையாட்டு ஊரில் ஒரு துறைமுகம் உண்டு. அங்கே ரவுடி ஒரு கிரேனில் ஏறி, ஒரு பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். அப்பாவைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று மகள் அந்தக் கட்டத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டாள். கிரேனைக் கண்டதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்காமலே இழுத்தார். நான் அதைக் கவனித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு முகம் கடுகடுத்தது.

"மச்சான், சுமை ஆடவே இல்லையே."

ஆமாம். பெட்டி கம்பியில் தொங்குகிறது, கிரேன் சர்ரென்று திரும்புகிறது, பெட்டி ஆணி அடித்ததுபோல அப்படியே நிற்கிறது. காற்று இல்லை, கனம் இல்லை. எங்கள் பிழைப்பே அந்த ஆட்டத்தை அடக்குவதுதான். அது இல்லாத கிரேனை என்னவென்று சொல்வது, துணி காயப்போடும் கொடியா?

"கீழ சிக்னல் காட்ட ஆள் எங்க?" என்றார்.

"ஆள் கிடையாதுப்பா. நீங்களே தூக்கணும்."

"கொக்கி யாரு மாட்டுனா?"

"தானா மாட்டிக்கும்."

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். "மச்சான், உங்களுக்கு இங்க வேலை இல்லியாம்."

"நல்லதாப் போச்சு. தானா மாட்டுற கொக்கிக்குக் கீழ நான் நிக்கவும் மாட்டேன்" என்றேன்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. அதில் குச்சியை முன்னால் தள்ளினால் கொக்கி மேலே போகிறது, தன் பக்கம் இழுத்தால் கீழே வருகிறது. எங்கள் லீவருக்கு நேர் எதிர். தூக்க நினைத்து இழுப்பார், பெட்டி தொம்மென்று கடலில் விழும். மறுபடி முதலிலிருந்து. தூக்க நினைத்து இழுப்பார், கடல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடலில் போட்ட பெட்டிகளை அடுக்கினால் ஒரு தீவே ஆகியிருக்கும்.

ஆனால் விடவில்லை. வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் போய் உட்காருவார். அவருக்கு அது விளையாட்டு இல்லை, பரீட்சைக்குப் படிப்பது. ஒரு நாள் தள்ளித் தூக்கினார், இழுத்து இறக்கினார், பெட்டி லாரியில் உட்கார்ந்தது. மறுநாள் யார்டில் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "கை பழகிடுச்சு மச்சான்" என்றார். அவர் தன்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழகித்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை. நீளக் குழாய்க் கட்டு ஒன்றை மரக்கட்டைகளின் மேல் இறக்கிக்கொண்டிருந்தோம். காலிக் கொக்கி பார்த்தாகிவிட்டது, நாலைந்து கட்டு ஒழுங்காக இறங்கியும் ஆகிவிட்டது. இந்தக் கட்டு முழங்கால் உயரத்தில் தொங்கும்போது கீழே ஒரு கட்டை கோணலாகக் கிடப்பதைப் பார்த்தேன். நிறுத்து என்று கை காட்டினேன், நின்றது. கட்டையின் நுனியைப் பிடித்து நேராக்கப் பார்த்தேன், வரவில்லை, குழாய் தட்டுகிறது. கொஞ்சம் மேலே என்று மற்றக் கையால் சிக்னல் காட்டினேன்.

கட்டு கீழே வந்தது.

யோசித்துக் கையை எடுக்கவில்லை. யோசித்திருந்தால் கை இருந்திருக்காது. குழாய்கள் கட்டையில் உட்கார்ந்த சத்தம் கேட்டபோது நான் மண்ணில் மல்லாந்து கிடந்தேன். என் கையுறை மட்டும் குழாய்க்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொங்கியது. உள்ளே விரல் இல்லை. விரல்கள் என்னிடம்தான் இருந்தன. எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

வேலை நடுவில் கீழே இறங்காத மனிதர் ஏணியில் இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தார்.

"தள்ளிட்டேன் மச்சான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. மேலே என்று நான் கை காட்டியதும் அவர் கை மேலே போகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் எந்த ஊர் மேலே? துறைமுகத்து மேலே. பெட்டி விழுந்தால் கடல். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். என் விரலுக்கு அந்த வசதி கிடையாது.

அன்று சாயங்காலம் நான் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். டிவியைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது என்றுதான் போனேன். மகள் ரவுடியை வைத்துக்கொண்டு எவனையோ துரத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்துகிறவள் அல்லவா, பார்க்கத் தெரியும்.

"மாமா, அதை மாத்திக்கலாம்" என்றாள்.

"எதை?"

"மேல கீழ. செட்டிங்ஸ்ல தலைகீழா மாத்திக்க ஒரு இடம் இருக்கு."

திறந்து காட்டினாள். ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம், அதற்குள் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் அடியில், ரவுடியின் நடைச் சத்தத்தைக் கூட்டுவதற்கும் ரத்தத்தின் நிறத்தை மாற்றுவதற்கும் கீழே, ஒரு சின்னக் கட்டம். அதை அமுக்கினால் இழுத்தால் மேலே, தள்ளினால் கீழே.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலியே மாமா."

"அவருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாதான கேப்பாரு?"

"ஏன் அவளைத் திட்டுறீங்க, கை என்னோடது" என்றார் மாப்பிள்ளை. அவர் டிவி பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு வலது டம்ளரைத் தன் பக்கம் இழுத்தார், மெதுவாகத் தள்ளினார், மறுபடி இழுத்தார். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணும்னா கேக்க வேண்டியதுதான, எதுக்கு டம்ளரை இழுக்கிறீங்க?" என்றாள். அவளுக்கு அதற்குப் பிறகுதான் விஷயமே தெரிந்தது.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நாளையிலேர்ந்து வேற ஆளைக் கொக்கி மாட்டச் சொல்லுங்க மச்சான்."

"வேற ஆளுக்கும் விரல் அதே கணக்குதான்" என்றேன். "பேசாம வாங்க. ஒவ்வொரு கட்டுக்கும் முன்னாடி காலிக் கொக்கியைத் தூக்கிக் காட்டுங்க. அது மேல போனாதான் நான் கிட்ட வருவேன்."

அப்படித்தான் செய்தோம். வேலை இழுத்தது, சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும். கொக்கி மேலே போகும், நான் பார்ப்பேன், பிறகு போவேன். இழுத்தால் மேலே என்பது அவர் கைக்கு மறுபடி ஏறிக்கொண்டே வந்தது. டிவிப் பக்கம் அவர் போகவில்லை.

பரீட்சை நாள் வந்தது. புதிய பலகையைக் கொண்டுவந்து வைத்த கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சிக்காரர் வந்திருந்தார். மெல்லப் பேசுகிற மனிதர், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. ஒவ்வொரு ஆபரேட்டரும் அறையில் உட்கார்ந்து, ஒரு நிஜக் குழாய்க் கட்டைத் தூக்கி, யார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். சூப்பர்வைசர் கையில் நேரம் பார்க்கிற கடிகாரம். மற்ற ஆபரேட்டர்கள் முடித்துவிட்டார்கள். ஒருவர் கட்டை இரண்டு தரம் தரையில் குதிக்கவிட்டார், அவரையும் பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் முறை வந்ததும், "கொக்கிக்கு யாரு போறீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டார். கையுறைக் கதை யார்டு முழுக்கப் பரவியிருந்தது. மற்றவர்கள் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. நான் போனேன். வீரம் எல்லாம் இல்லை. எனக்குத் தெரியும், அவர் முதலில் காலிக் கொக்கியைத்தான் தூக்குவார்.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில் அறைக்குள் நடப்பது கேட்டது. ஆரம்பிக்கலாம் என்றார் பயிற்சிக்காரர். நான் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து கொக்கியைப் பார்த்தேன்.

கொக்கி கீழே வந்தது.

கொஞ்சம்தான். ஒரு சாண் இருக்கும். உடனே நின்றுவிட்டது. ஆனால் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், முதலில் மேலேதான் போகும். இரண்டு கையையும் அகலமாக நீட்டினேன், நிறுத்து என்று. அவர் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

"என்ன ஆச்சு? நேரம் ஓடுது" என்றது சூப்பர்வைசர் குரல்.

"ஓடட்டும்" என்றார் மாப்பிள்ளை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "இது தலைகீழா இருக்கு."

"அது அப்படித்தாங்க இருக்கும்" என்றார் பயிற்சிக்காரர். "தள்ளினா மேல, இழுத்தா கீழ. இப்ப வர்ற பசங்களுக்கு விளையாடிப் பழகின கை இல்லீங்களா, அவங்களுக்காக இப்படி வெச்சிருக்கு. உங்க ஆளுங்க எல்லாரும் பழகிக்கிட்டாங்களே."

"நானும் பழகிக்கிட்டேன் சார். அதான் வேண்டாங்கறேன்."

"புரியலீங்க."

"கீழ நிக்கிறவரு என் மச்சான். ஒரு கையுறை போச்சு. அடுத்தது கையுறையாவே இருக்கும்னு சொல்ல முடியாது. இதை மாத்துற இடம் ஒண்ணு உள்ள இருக்கும். எல்லாத்துக்கும் அடியில இருக்கும். தேடிப் பாருங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டு டிவில இருக்கு."

அறைக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். "டிவிக்கும் கிரேனுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஓட்டுறியா, கேட்டுக்குப் போறியா?" என்று சூப்பர்வைசர் எகிறினார்.

"மாத்தினா ஓட்டுறேன். மாத்தலன்னா கேட்டுக்குப் போறேன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். இதைப் பிறகு வாசலில் நின்ற ஆபரேட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று மிக்ஸி வாங்கிய மனிதர்.

கொஞ்ச நேரம் வாக்கிடாக்கியில் டிக் டிக் என்று பட்டன் சத்தம் மட்டும் வந்தது. பயிற்சிக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது, தேடினார்.

"இருக்குங்க" என்றார் கடைசியில். "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

எங்கள் வீட்டுப் பெண் சொன்ன அதே பதில். இதைச் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல. கேட்டால் இருக்கும், கேட்காவிட்டால் விரல் போகும்.

மாற்றினார். கொக்கி ஒரு சாண் மேலே போனது, ஒரு சாண் கீழே வந்தது, ஹாரன் ஒரு தரம் அடித்தது. நான் போய்ச் சங்கிலியைப் போட்டேன். கட்டு எழுந்தது, ஆடியது, ஆட்டம் அடங்கியது, யார்டைக் கடந்துபோய் அந்தக் கோடியில் டம்ளர் வைக்கிற மாதிரி உட்கார்ந்தது. சத்தமே இல்லை. நேரக் கணக்கில் அவர்தான் எல்லாருக்கும் கடைசி. சூப்பர்வைசர் அதைச் சத்தமாகவே வாசித்தார். பயிற்சிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கட்டைப் பார்த்தார், அவருக்கும் நாற்காலி உண்டு என்றார். தேறிப்போய் வெளியே நின்றுகொண்டிருந்த ஆபரேட்டர்களில் ஒருவர் மெதுவாக உள்ளே போய், "சார், எனக்கும் அப்படியே மாத்திக் குடுத்துடுங்க" என்றார். கட்டைக் குதிக்கவிட்டவர்தான்.

இப்போது மாப்பிள்ளை தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் பெயர் மேல்மாடிதான். அந்தப் பலகை இருக்கிறதே, மகா பலகை, கரண்ட் போய் வந்தால் தன் பழைய புத்திக்கே போய்விடுகிறது. மறுபடி பக்கம் பக்கமாகப் புரட்டி மாற்ற வேண்டும். கேபினில் இருந்த லீவர் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எழுந்து நின்று, இன்றைக்கு நான் எதிர்ப்பக்கம் என்று சொன்னதில்லை.

வீட்டில் அந்த விளையாட்டும் இப்போது தலைகீழ்தான். யாரோ அந்தச் சின்னக் கட்டத்தை அமுக்கி வைத்திருக்கிறார்கள். "என் ஆளு துரத்தும்போதெல்லாம் வானத்தப் பாத்துட்டே ஓடுறான், யாரு மாத்தினது?" என்று மகள் கத்துகிறாள். மாப்பிள்ளை வாயைத் திறப்பதில்லை.

காலையில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கொக்கி மேலே போனால் சங்கிலியைத் தொடுவேன். கீழே வந்தால் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். வாக்கிடாக்கியை எடுத்துக் கேட்பேன்: "மேல்மாடி, இன்னைக்கு வேலையா, விளையாட்டா?"

"கரண்ட் போயிட்டு வந்திருக்கு மச்சான். இருங்க, மாத்திடறேன்."

இருக்கிறேன். அவசரம் என்ன, பின்னால் போலீஸா வருகிறது?